மாடியில் நடந்த வியாபாரம்

செவிலிமேட்டில் எங்கள் தெருக்கோடி வீடு அம்சாவுடையது. இன்று காந்தி ரோட்டில் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களில் பலர் அவளைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். கடையில் சேர்ந்த புதிதில் அவளுக்குப் பட்டுப்புடவையை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாது. அவளுடைய அம்மா பாலாற்றங்கரையில் ஊரார் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்துப் பிள்ளைகளை ஆளாக்கியவள். அந்த வீட்டில் யாரும் பட்டு கட்டியதில்லை.

டேனியலைக் கல்யாணம் செய்துகொண்டு, மகள் சுகாசினி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, தணிகாசலம் முதலாளியின் மாடி வைத்த பட்டுக்கடையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பாள். கொஞ்ச காலத்தில் அவளை மடிப்பு வேலைக்கு மாற்றினார்கள். பட்டுப்புடவை ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் மடிந்த இடத்தில் ஜரிகை ஒடிந்துவிடும். விற்காத புடவைகளை அவ்வப்போது பிரித்து, உதறி, காற்றாட விட்டு, வேறு வாக்கில் மடிக்க வேண்டும். அந்த வேலையை அம்சாவும் இன்னும் இரண்டு பெண்களும் கீழ்த்தளத்தின் பின்னறையில் உட்கார்ந்து செய்தார்கள்.

முதல் மாடி உதயகுமாருடையது. அப்படித்தான் கடையில் சொல்வார்கள். கல்யாணப் புடவைகள் இருக்கும் தளம் அது. தரை முழுக்க வெள்ளை மெத்தை, சுவரெல்லாம் கண்ணாடி. பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் உதயகுமார். வீட்டுத் தறியில் மனைவி இளவரசி உட்கார, அவர் இளம் வயதிலேயே விற்பனைக்கு வந்துவிட்டார். ஒரு உதறலில் புடவையை விரித்து முந்தியை வந்தவர்களின் மடி வரைக்கும் ஓடவிடுவார். பெண்ணின் அம்மாவிடம் ஒரு குரல், மாப்பிள்ளை வீட்டு அத்தையிடம் வேறொரு குரல். எடுக்கமாட்டோம் என்று வந்தவர்கள் இரண்டு பை தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். ஊரடங்குக்கு முந்தின ஆண்டு அத்திவரதரைப் பார்க்க நாடே திரண்டு ஊருக்குள் வந்தபோது, அவர் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் பேசிக்கொண்டே இருந்தார் என்று அம்சா சொன்னாள்.

அடுத்த பங்குனியில் ஊரடங்கு வந்தது.

டேனியல் ஒரகடம் பக்கம் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. கம்பெனி பஸ் எங்கள் தெரு முனையில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். பஸ் வராத முதல் நாளும் அவன் பழக்கத்தில் விடியற்காலையில் குளித்துவிட்டு முனைக்குப் போய் நின்றான். அவனைப் போலவே இன்னும் சிலர் நின்றார்கள். பஸ் வரும் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நானும் மொட்டை மாடியிலிருந்து அதைப் பார்த்தேன்.

சித்திரை பிறந்த பிறகு தணிகாசலம் அம்சாவுக்குப் போன் செய்தார். கடை மூடிக் கிடந்தால் கிடக்கட்டும், புடவைகள் பாழாகக் கூடாது. ஓர் ஆள் மட்டும் பின்பக்கக் கதவு வழியாக வந்து மடிப்பு மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். வெளியூரிலிருந்து வரும் மற்ற இரண்டு பெண்களுக்கும் பஸ் இல்லை. சாவியைப் பக்கத்து மருந்துக்கடையில் கொடுத்து வைத்திருப்பதாகவும், காய்கறி வாங்க மக்கள் வெளியே வரும் காலை நேரத்தில் போய், மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்றும் சொன்னார். அவள் சம்பளம் ஒன்றுதான் அப்போது வீட்டுக்கு வரக்கூடிய வருமானம். அம்சா ஒப்புக்கொண்டாள்.

அந்த நடையை அவள் இன்னும் மறக்கவில்லை. பழகிய ஊர்தான், ஆனால் ஊருக்குள் இருந்த யாரோ ஊரை அப்படியே போட்டுவிட்டுப் போனது மாதிரி இருந்தது. பூக்கடைப் பலகைமேல் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து அவளையே பார்த்தன. தறிச் சத்தம் கேட்காத தெருவே அவள் அறியாதது. அந்தத் தெருக்களில் இப்போது கதவுகள் திறந்திருந்தும் ஓசை இல்லை. பெங்களூரிலிருந்து வரவேண்டிய பட்டு நூல் வரவில்லை. சாயம் போடும் இடங்களில் அடுப்பு எரியவில்லை. பாதி நெய்த பாவு தறியிலேயே கிடந்தது. ஒரு வீட்டில் ஜன்னல் வழியே, தறியில் ஒருவர் காலைத் தொங்கவிட்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவர் கை மட்டும் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவது போல அசைந்தது. பூட்டிய கோயில் கதவுக்கு உள்ளே மணி அடித்தது. அர்ச்சகர் பூஜை செய்கிறார் என்று தெரிந்தும் அம்சா நடையை வேகப்படுத்தினாள்.

கடைக்குள் ஒரு பக்க விளக்குகளை மட்டும் எரியவிடச் சொல்லியிருந்தார் முதலாளி. முன்பக்க ஷட்டர் மூடியிருந்ததால் காலை வெளிச்சம் விளிம்பில் கோடாக விழுந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியிருந்த பொம்மைகளுக்குத் தூசி படாமல் இருக்க வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு, தலைமுதல் கால்வரை மூடிய உருவங்கள். செய்தியில் அந்த மாதிரி மூடிய உருவங்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அம்சா அவற்றுக்கு முதுகு காட்டாமல் சுவரோரம் உட்கார்ந்து மடித்தாள்.

முதல் சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. கீழ்த்தளத்துப் புடவைகள் முடிந்ததும் அவள் மாடிக்குப் போனாள். மெத்தையின் நடுவில் அரக்கு நிறப் புடவை ஒன்று விரிந்து கிடந்தது. கடை மூடிய அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அதை மடித்து அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் அதே இடத்தில் ஒரு மாம்பழ நிறப் புடவை இருந்தது. முந்தியை விசிறி போல விரித்து, யாரோ மடியில் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனது போல ஓரம் சுருண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் தட்டில் தண்ணீர் டம்ளர்கள். டம்ளர்கள் நிரம்பியிருந்தன.

அம்சா சுற்றிலும் பார்த்தாள். சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. கீழ்த்தளத்துக் காலண்டர் கடை மூடிய பங்குனி நாளிலேயே நின்றிருந்தது. மாடிக் காலண்டரில் அன்றைய தேதி இருந்தது. யாரோ ஒவ்வொரு நாளும் தாளைக் கிழித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து டேனியலிடம் சொன்னாள். திருடனாக இருந்தால் புடவையை எடுத்துக்கொண்டு போயிருப்பான், தண்ணீர் ஊற்றி வைப்பானா என்று அவன் கேட்டான். பிறகு இனிமேல் போக வேண்டாம் என்றான். போகாவிட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். தான் துணைக்கு வருவதாகச் சொன்னான். மறுநாள் வழியில் போலீஸ் நிறுத்தி, இரண்டு பேர் எதற்கு என்று கேட்டு அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் மட்டும் போனாள்.

அன்று அவள் கீழேயே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. சத்தம் போடாத, இழைந்த குரல். கொஞ்சம் பேசும், நிற்கும், எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்பது போல இடம் விடும். பிறகு ‘ஆமாமா, அதுவும் சரிதான்’ என்று சிரிக்கும். எதிரே பேசுகிறவரின் குரல் மட்டும் கேட்கவே இல்லை.

ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தாளாம். ஆனால் அந்தச் சிரிப்பு தெரிந்த சிரிப்பாக இருந்தது. படியேறினாள்.

உதயகுமார் மெத்தையில் தன் வழக்கமான இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, சவரம் செய்த முகம். எதிரே யாருமில்லை. கிளிப்பச்சைப் புடவை ஒன்றை உதறி விரித்தார். முந்தி வெறும் மெத்தைமேல் ஓடி நின்றது. “பொண்ணு கொஞ்சம் மாநிறம்ன்னு சொன்னீங்களே, அதுக்குத்தாம்மா இத எடுத்தேன்” என்று சொல்லிவிட்டு, முகத்தை லேசாகச் சாய்த்துக் காத்திருந்தார். சுற்றிலும் இருந்த கண்ணாடிகளில் அவர் மட்டும் பல பேராக உட்கார்ந்திருந்தார்; எல்லோரும் ஒரே வாக்கில் தலையைச் சாய்த்திருந்தார்கள்.

கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டார். திடுக்கிடவில்லை.

“உக்காரும்மா அம்சா. இவங்க எடுத்துட்டுக் கிளம்பட்டும், பேசலாம்.”

அம்சா உட்கார்ந்துவிட்டாள். அவர் அந்தப் புடவையை முடித்து, மடித்து, எழுந்து நின்று மாடிப்படி வரை யாரையோ வழியனுப்பிவிட்டு வந்தார். அலமாரியின் கீழ்த்தட்டில் தனியாக ஓர் அடுக்கு இருந்தது. கிளிப்பச்சையை அதன்மேல் வைத்தார். அதற்குப் பிறகுதான் முகம் மாறியது. வயதான முகமாக ஆனது.

தன்னிடம் பின்கதவின் இன்னொரு சாவி இருப்பதாகவும், முதலாளி கேட்க மறந்துவிட்டதாகவும் சொன்னார். விற்பனைக்காரர்கள் யாருக்கும் அந்த மாதம் வேலையில்லை என்று முதலாளி சொல்லியிருந்தது அவளுக்கும் தெரியும். இளவரசியிடம் கடையில் சரக்குப் பார்க்கும் வேலை என்று சொல்லிவிட்டுத் தினமும் விடியுமுன் புறப்பட்டு வருகிறாராம். வழக்கமாக அம்சா வருவதற்குள் போய்விடுவாராம், அன்று பேச்சில் நேரம் போனது தெரியவில்லையாம்.

“யாரும் இல்லன்னு எனக்குத் தெரியும்மா. பைத்தியம்னு நெனச்சுக்காத” என்றார். “வீட்ல வாயத் தொறந்தா ஒண்ணும் வரமாட்டேங்குது. அவளும் தறி மேல கைய வெச்சிக்கினு உக்காந்திருக்கா. இங்க வந்து உக்காந்தாதான் பேச்சு வருது.”

“யார்கிட்டண்ணா பேசறீங்க?”

“வரவேண்டியவங்ககிட்ட. சித்திரை, வைகாசியில எத்தினி கல்யாணம் நிச்சயமாயிருந்தது. எல்லாரும் இங்கதான வந்திருப்பாங்க. வந்திருந்தா என்ன கேப்பாங்களோ, அதுக்குப் பதில் சொல்லிக்கினு இருக்கேன்.”

அம்சா முதலாளியிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். சொன்னால் அவரை நிறுத்திவிடுவார்கள், பிறகு அந்தப் பேச்செல்லாம் அவருக்குள்ளேயே கிடந்து என்ன ஆகும் என்று பயந்ததாகச் சொன்னாள். பதிலாக, புடவை மடிக்க இன்னொரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். நீளமான புடவையை இரண்டு பேர் பிடித்தால் வேலை பாதி. உதயகுமார் ஒரு முனை, அம்சா ஒரு முனை. மடிக்கும்போதும் அவர் பேசினார். எந்தக் கரைக்கு எந்த ஊர்க்காரர்கள் ஆசைப்படுவார்கள், எந்த நிறத்தை முதலில் காட்டக் கூடாது, விலை கேட்டதும் எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்றெல்லாம். அவளைப் பார்த்து அல்ல, அவளுக்குக் கொஞ்சம் இடதுபுறம் பார்த்து. சில சமயம் அந்தப் பக்கம் தானும் திரும்பிப் பார்த்துவிடுவதாக அம்சா சொன்னாள்.

ஒரு நாள் அவள் கீழ்த்தட்டு அடுக்கை மடிப்பு மாற்ற எடுத்தாள். அவர் அவள் கையைப் பிடிக்காத குறைதான். “அதத் தொடாதம்மா. அதெல்லாம் வித்தாச்சு.”

அந்த அடுக்கு வளர்ந்துகொண்டே வந்தது. ஒரு புடவையைத் திருமுக்கூடல் பக்கத்துக் குடும்பம் எடுத்தது என்பார், இன்னொன்றை வேலூர்க்காரர்கள். அவர்களில் சிலர் ஊரடங்குக்கு முன்பே உண்மையாகவே அவருக்குப் போன் செய்தவர்கள். கல்யாணத்தை வீட்டுக்குள்ளேயே, இருந்த புடவையிலேயே முடித்துக்கொண்டதாகப் பிறகு தகவல் சொல்லியிருந்தார்கள். உதயகுமாருக்கு அது காதில் விழுந்த மாதிரியே இல்லை. வைகாசி கருடசேவை ஜனமில்லாமல் போன நாளில் அவர் காலையிலிருந்து ஓயாமல் பேசினார், கும்பல் தாங்கவில்லை என்று இடையில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்சாவுக்கு அன்று மாடியில் மூச்சு முட்டியது. யாரையும் மிதித்துவிடக் கூடாது என்பது போல மெத்தையின் ஓரமாகவே நடந்து கீழே வந்தாள்.

கட்டுப்பாடுகள் தளர்ந்து கடையைத் திறந்தபோது பழைய ஆட்களில் பாதிப் பேரைத்தான் முதலாளி கூப்பிட்டார். உதயகுமாரை விட முடியாது. அவர் வந்தார், முகக்கவசம் கட்டிக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தார். முதலில் வந்தது ஒரு சிறிய குடும்பம்: பெண், அம்மா, மாமா. கடையே அவர்களைச் சுற்றி நின்றது. முதலாளி தானே மாடிக்கு வந்து, கையில் அகப்பட்டதை எடுத்துப் போட்டார். கீழ்த்தட்டு அடுக்கின் கிளிப்பச்சை.

உதயகுமார் முதலாளியிடம் மெல்ல, “அது வித்தாச்சு” என்றார்.

முதலாளிக்குப் புரியவில்லை. யாருக்கு என்று கேட்டார். உதயகுமார் எதிரே உட்கார்ந்திருந்த மூவரையும் பார்த்தார். ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டது போல ஒரு பார்வை. பேச வாயெடுத்தார், முகக்கவசம் அசைந்தது, குரல் வரவில்லை. பெண்ணின் அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். தண்ணீர்த் தட்டோடு நின்ற அம்சா அதைக் கீழே வைத்துவிட்டு முழங்கால் மடித்து உட்கார்ந்தாள். மெத்தைமேல் விற்கிறவர் இடத்தில் அவள் வீட்டு ஆட்கள் யாரும் அதுவரை உட்கார்ந்ததில்லை. வேறொரு புடவையை எடுத்து உதறினாள். அவர் அளவுக்கு ஓடவில்லை, பாதியில் நின்றது. ஆனால் பேச்சு வந்தது. இத்தனை நாள் காதில் விழுந்த பேச்சு முழுக்க வந்தது. அவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாளும் முதலாளி அவளையே விற்க உட்காரச் சொன்னார்.

உதயகுமாரால் அதற்குப் பிறகு எந்த வாடிக்கையாளர் முன்னும் பேச முடியவில்லை. டாக்டரிடம் காட்டினார்கள், தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். ஆடி மாதம் அவர் வீட்டிலேயே இருந்தார்.

ஆவணியில் ஒரு மாலை, ஊரடங்கு இருந்த அந்த மூன்று மாதத்தில் நாட்டின் உற்பத்தி கிட்டத்தட்டக் கால் பங்கு குறைந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். படம் போட்டு, கோடு கீழே இறங்குவதைக் காட்டினார்கள். டேனியல் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனி பஸ் மறுபடியும் வரத் தொடங்கியிருந்தது, பாதி இருக்கைகள் காலியாக. ஒப்பந்த ஆட்கள் பலரைப் போல அவனையும் கூப்பிடவில்லை. “அந்தக் கால் பங்குல நான் இருக்கேன்” என்று அவன் சாதாரணமாகச் சொன்னான். அம்சாவுக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்தக் கீழ்த்தட்டு அடுக்குதான். நடந்திருக்க வேண்டிய வியாபாரம், நெய்திருக்க வேண்டிய புடவை, ஓடியிருக்க வேண்டிய பஸ் எல்லாம் எங்கோ போய் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று அவளுக்குத் தோன்றியது.

அந்தச் சமயத்தில் முதலாளியின் மகன் சந்தோஷ்குமார் போனில் நேரலையாகப் புடவை விற்கத் தொடங்கினான். கேமரா முன் நிற்க வைத்த ஆட்கள் எல்லாம் உளறினார்கள். எதிரே முகமில்லாமல் எப்படிப் பேசுவது என்று கேட்டார்கள். அம்சா அன்று முதலாளியிடம் போய், உதயகுமார் அண்ணனைக் கூப்பிடுங்கள் என்றாள். குரல் போன ஆளையா என்று அவர் கேட்டார்.

“மாடியில யாரையும் விடாதீங்க முதலாளி. தனியா உக்கார வெச்சுப் பாருங்க” என்றாள்.

உதயகுமார் வந்தார். சந்தோஷ்குமார் போனைத் தாங்கியில் பொருத்திவிட்டுக் கீழே இறங்கிவிட்டான். முதல் புடவை உதறும் சத்தம் கேட்டது, பிறகு அந்த இழைந்த குரல். இப்போது அந்த நேரலையை எந்தெந்த ஊரிலிருந்தோ பார்க்கிறார்கள். அன்றன்றைக்குப் போகும் பார்சல்களை டேனியல்தான் வாடகை லோடு ஆட்டோவில் கூரியருக்குக் கொண்டுபோகிறான். ஒருமுறை கரண்ட் போய், இணையமும் நின்றது. நேரலை நின்றுவிட்டதைச் சொல்லலாம் என்று அம்சா படியேறினாள். இருட்டில் அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். இடம் விட்டு, கேட்டு, சிரித்து. போன் திரை அணைந்திருந்தது. அவள் சொல்லாமல் இறங்கிவிட்டாள்.

கீழே நேரில் வருகிறவர்களுக்கு அம்சா விற்கிறாள். சுகாசினி ஏனாத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். கீழ்த்தட்டு அடுக்கைச் சந்தோஷ்குமார் தள்ளுபடியில் போட்டபோது அம்சா தடுக்கவில்லை. அவள் கையால் மட்டும் அதில் ஒன்றையும் விற்கவில்லை.

சென்ற தை மாதம் அவள் இளவரசியைப் பார்க்கப் போனாள். தறி ஓடிக்கொண்டிருந்தது. இளவரசி நெய்யும்போதே பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். அதில் நேரலையில் உதயகுமார் நீலப் புடவை ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் இப்போது பேசுகிறாரா என்று அம்சா கேட்டாள்.

இளவரசி நாடாவை நிறுத்தினாள். சோறு போடு, தண்ணி கொடு, அவ்வளவுதான் என்றாள். பிறகு போனை எடுத்து, வேறு ஏதோ ஒரு பெயரில் இருந்த தன் கணக்கிலிருந்து, விலை என்ன என்று தட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் திரையில் உதயகுமார் முகத்தை லேசாகச் சாய்த்தார். “சொல்றேம்மா, உங்களுக்குச் சொல்லாமலா. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டார்.

“சௌக்கியம்” என்று இளவரசி தறியைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டுச் சொன்னாள்.